ஒன்பதாம் அறைக்குப் போகும் சூடு

டிகிரி அக்காவுக்கு டிகிரி கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்தக் குளிர்பதனக் கிடங்கில் யாரைக் கேட்டாலும் அவரை அந்தப் பெயரில்தான் அடையாளம் காட்டுவார்கள். கேன்டீன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது அறுபதுகூட இல்ல, நல்லா சுட வெச்சுக் கொண்டா" என்று திருப்பி அனுப்புகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த பெண். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் தோளில் ஒரு கம்பளிச் சட்டை இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அதோடுதான் போவார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பயந்துடப் போறாங்க, யாரோ காய்ச்சல்காரி பந்தியில உக்காந்திருக்கான்னு" என்பார் அவர் கணவர். அக்கா சட்டையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

உருளைக்கிழங்கு தரம் பிரிக்கும் வேலைக்கு வந்தவர். அறையின் குளிர் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று கருவியைப் பார்க்காமலே சொல்வதைக் கேட்டு யாரோ மேலிடத்தில் வியந்து, அவரை வெப்பநிலை பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். கருவி தவறாமல் சொல்வதைத்தான் இவரும் சொன்னார் என்பது பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. அதற்குள் மேசையும் கணினியும் கொடுத்துவிட்டார்கள்.

கிடங்கு நீளமான ஒரே கட்டடம். உள்ளே ஒன்பது அறைகள், ரயில் பெட்டிகள் போல ஒன்றுக்குப் பின் ஒன்று. அக்காவின் மேசை இருக்கும் சின்ன அறையைத் தாண்டினால் ஒன்றாம் அறை, அதற்குள் போய்த்தான் இரண்டுக்குப் போக வேண்டும். முதலில் உருளைக்கிழங்கு, பிறகு ஆப்பிள், கேரட், வெண்ணெய். உள்ளே போகப் போகக் குளிர் ஏறும். ஒன்பதாம் அறையின் பின்சுவரில், லாரி வந்து நிற்கும் மேடையைப் பார்த்து ஒரு ஷட்டர் இருக்கிறது. உள்ளே கேமரா கிடையாது. மாட்டிப் பார்த்தார்கள், கண்ணாடியில் பனி படிந்து வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

முன்பு அறைகளுக்கு நடுவே கனமான கதவுகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளவென்றே ஓர் ஆள் இருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் வெளியேறியதும், ஒன்றாம் அறையில் தொடங்கி ஒன்பதுவரை நடப்பார். ஒவ்வொரு கதவும் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று கையை வைத்துப் பார்ப்பார். கடைசியில் பின்பக்க ஷட்டர் வழியாக வெளியே வந்து அதையும் சாத்துவார். சாத்துவதற்கு முன் உள்ளே பார்த்து, "யாராவது உள்ள இருந்தா வெளிய வாங்க" என்று குரல் கொடுக்க வேண்டும் என்பது கிடங்கின் விதி. அந்த ஆள்தான் அக்காவின் கணவர். இரண்டு வருஷத்துக்கு முன் கதவுகளைக் கழற்றிவிட்டுத் தடித்த பிளாஸ்டிக் பட்டைகளைத் திரையாகத் தொங்கவிட்டார்கள். தள்ளிக்கொண்டு போனால் தானாக மூடிக்கொள்ளும். கதவு போனதும் கதவுக்காரரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்காவின் வேலை இப்படி. ஒவ்வொரு அறையிலும் நுழைவழி ஓரமாகத் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி தொங்கும். சில விநாடிகளுக்கு ஒருமுறை அறையின் வெப்பநிலையைத் தனக்குள் பதிந்துகொள்ளும். காலையில் ஒரு சுற்று போய், கையில் உள்ள ரீடரை ஒவ்வொன்றிலும் செருகி, முந்தைய நாளின் பதிவை எடுத்து வருவார். மேசைக்குத் திரும்பும்போது ஒன்பது ஃபைல். ஒவ்வொன்றாகத் திறந்து, எண்களை அள்ளி, ஒரே எக்செல் தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்ட வேண்டும். முக்கால்வாசி நாள் அதிலேயே போய்விடும். ஒருமுறை ஐந்தாம் அறையை இரண்டு தடவை ஒட்டி ஆறாம் அறையை விட்டுவிட்டார். வெண்ணெய்க்காரர் போன் போட்டு, "என் வெண்ணெயைக் கேரட்டோடவா படுக்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்கு இது பொறுக்கவில்லை. நாள் முழுக்க எக்செல்லோடு குடித்தனம் நடத்துகிறவள்.

"இன்னமும் கையாலயா ஒட்டிக்கிட்டிருக்க?"

"பின்ன, காலாலயா ஒட்டுவாங்க?"

"சிரிக்காதம்மா. ஒரு ஃபோல்டர் போடு. ஒன்பது ஃபைலையும் அதுக்குள்ள தள்ளு. ரெஃப்ரெஷ்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்கு. எல்லாத்தையும் அதுவே எடுத்துச் சேத்துடும்."

"தப்பாச் சேத்துட்டா?"

"உன்னைவிடவா?"

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, கணினித் திரையை மகளும் பார்க்கும்படி திறந்துவிட்டு, இருவரும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து அதைச் செய்து முடித்தார்கள். மகள் ஒரு விஷயத்தை மாற்றினாள். அறைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். இடமிருந்து வலமாக ஒன்று முதல் ஒன்பது. மேலிருந்து கீழாக நேரம். ஓர் அறை தன் வழக்கத்தைவிடக் குளிர்ந்தால் கட்டம் நீலமாகும், கொஞ்சம் சூடானால் ஆரஞ்சாகும். "கண்ணுக்கு அழகா இருக்கும், அவ்வளவுதான்" என்றாள்.

மறுநாள் காலை அக்கா ஃபைல்களைத் தள்ளி, பட்டனை அமுக்கினார். தாள் ஒரு நொடி யோசித்தது. பிறகு நிரம்பியது. அத்தனை நாள் வேலையும் அவ்வளவு நேரத்தில் முடிந்துபோனதில் அவருக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. செய்ய வேறு வேலை இல்லாததால் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் எண்களை ஒட்டியிருக்கிறாரே தவிர, உட்கார்ந்து பார்த்தது கிடையாது.

காலையில் ஒரு மெல்லிய ஆரஞ்சுக் கோடு, படிப்படியாக வலப்பக்கம் இறங்கி, அதே வேகத்தில் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அது யார் என்று உடனே தெரிந்தது. அவரேதான். ஆள் உடம்பின் சூடு, கருவிக்குப் பக்கத்தில் நின்ற சில விநாடிகள். போன வழியே திரும்பி வந்திருக்கிறார். தன்னுடைய நடையைத் தானே பார்ப்பது வேடிக்கையாக இருந்தது. பிறகு வேலையாட்கள் போய் வந்த நேரங்கள், அங்கங்கே திட்டுத் திட்டாக.

சாப்பாட்டு இடைவேளையில், உள்ளே யாருமே இல்லாத நேரத்தில், இன்னொரு படிக்கட்டு இருந்தது.

ஒன்றாம் அறையில் தொடங்கி, இரண்டு, மூன்று என்று சீராக இறங்கியது. நான்காம் அறையில் அந்தப் படி மட்டும் கொஞ்சம் அகலம். அங்கே நின்றிருக்கிறது. பிறகு ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாம் அறைக்குள் போய், இடைவேளை முடியும்வரை அங்கேயே இருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். வார விடுமுறையன்று மட்டும் வரவில்லை. வேலைக்கு வருகிற ஆள் மாதிரி.

"ஃபார்முலா தப்பா இருக்கும்மா" என்றாள் மகள். "ஒவ்வொரு ஃபைலையும் ஒரு வரி தள்ளித் தள்ளி ஒட்டுது போல. அதான் படிக்கட்டு மாதிரி தெரியுது." அன்று சாயங்காலமே பார்த்தாள். ஒட்டியது சரியாகத்தான் இருந்தது. "அப்போ கருவியோட கடிகாரம்." அக்கா ஒன்பது கருவிகளின் நேரத்தையும் கைபேசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரி. மகள் தாளை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு, "கலரை எடுத்துடவாம்மா?" என்று கேட்டாள்.

"கலரை எடுத்துட்டா போயிடுமா?"

மேலாளரிடம் போனார். அவருக்கு லிமிட் சார் என்று பெயர். எதைச் சொன்னாலும் கடைசியில் லிமிட்டுக்குள்தானா என்று கேட்பார்.

"சார், மத்தியானம் நாம கேன்டீன்ல இருக்குறப்ப உள்ள யாரோ நடக்குறாங்க."

"எவ்வளவு கூடுது?"

"அரை டிகிரி இருக்கும்."

"லிமிட்டுக்குள்ளதானே?"

"லிமிட்டுக்குள்ளதான்."

"அப்புறம் என்னக்கா?"

"ஆள் சார். ஆள் யாரு?"

"ஆளும் லிமிட்டுக்குள்ள இருக்கார்னு வெச்சுக்குங்க." சிரித்துவிட்டு, மேசை மேலிருந்த ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஒன்பதாவது ரூமை மீனுக்கு விடுறோம். டீப் ஃப்ரீஸ். வர்ற வெள்ளிக்கிழமை எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல எஃகுக் கதவு வந்துடும். மத்தியானம் மூடுனா மீன் வர்றவரைக்கும் திறக்குறதில்ல, பின்னாடி ஷட்டருக்கும் பூட்டு. உள்ள காலின்னு நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"உள்ள இருந்து திறக்குற கைப்பிடி?"

"அது அடுத்த வாரம் வருதாம்."

அக்கா தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான்காம் அறையில் நிற்கும் ஒருவரை அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நான்காம் அறையில் கேரட் வேலை மிஞ்சிப்போய் இடைவேளையிலும் அங்கேயே இருந்த நாட்களில் பார்த்திருக்கிறார். கணவர் ஒவ்வொரு கதவாகத் தொட்டுக்கொண்டு வருவார், நான்காவதில் மட்டும் நிற்பார், பிறகு நடப்பார். ஏன் என்று கேட்டால் மூட்டு வலி என்பார்.

வேலை போனதிலிருந்து அந்த மனிதருக்கு மதிய நேரத்தில் வீட்டில் கால் தரிப்பதில்லை. சைக்கிள் ரிப்பேர் கடை நண்பரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்வார். கிடங்கின் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் அவருடைய பழைய கூட்டாளி. உள்ளே விடாமல் இருப்பானா? இருபத்தைந்து வருஷம் தினமும் நடந்த கால், ஒருநாள் போதும் என்று சொன்னால் நின்றுவிடுமா? வெள்ளிக்கிழமை அவர் ஒன்பதாம் அறையில் உட்கார்ந்திருக்கும்போது கதவை மூடினால்?

அன்று மாலை சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே கேட்டார்.

"மத்தியானம் எங்க போனீங்க?"

"எங்க போவேன். சைக்கிள் கடைக்குத்தான்."

"அங்க என்ன பண்ணீங்க?"

"ஒரு சக்கரம் சுத்துச்சு. பாத்துக்கிட்டிருந்தேன்."

"கை ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?"

"உன் கையால தொட்டா எது சுடும்? நம்ம வீட்ல ஃபிரிட்ஜ் வாங்குனதே வீண்."

வாட்ச்மேனிடமும் கேட்டுப் பார்த்தார்.

"அண்ணன் இந்தப் பக்கம் வந்தாரா?"

"வரலக்கா. வந்தாலும் உங்ககிட்ட சொல்லவா போறேன்? எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு இடைவேளைக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். கணவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "உக்காருங்க, சேந்து சாப்பிடலாம்" என்று பிடித்து உட்கார வைத்தார். இரண்டாவது தடவை சோறு போட்டார். மூன்றாவது தடவையும் கரண்டியோடு வந்தார்.

"என்ன இன்னைக்கு இவ்வளவு கவனிப்பு?" என்றார் அவர். "டாக்டர் உன்கிட்ட மட்டும் ஏதாவது சொல்லியிருக்காரா?"

"சும்மா சாப்பிடுங்க."

"சும்மா சாப்பிடுறவனுக்கு மூணு கரண்டி போடுறது நீ ஒருத்திதான்."

இடைவேளை முடியும் நேரம் தாண்டியும் அவரை எழ விடவில்லை. பழைய கதைகளைக் கிளறினார், மின்விசிறியைத் துடைக்கச் சொன்னார், அவர் ஏணியில் நிற்கும்போது கீழே பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம்கூடக் கண்ணை விட்டு விலகவில்லை.

வியாழக்கிழமை காலை சுற்றுப் போய் வந்து, ஃபைல்களைத் தள்ளி, பட்டனை அமுக்கினார். புதன்கிழமையின் தாள் நிரம்பியது.

படிக்கட்டு இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் நின்று, பிறகு ஒன்பதுவரை.

அது கணவர் இல்லை என்ற நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அதற்குப் பின் வந்ததை என்ன சொல்வதென்று அவருக்கு இன்றுவரை தெரியவில்லை. குளிர் என்று சொல்ல முடியாது, குளிர் அவருக்குப் பழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு அறை. இடைவேளை மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அவர் எழுந்து கேன்டீனுக்குப் போய், யாரும் இல்லாத அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மாலையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஃபோல்டர், பட்டன், ஆரஞ்சு, வெள்ளிக்கிழமை, கையெழுத்து. அவரையே சந்தேகப்பட்டதையும் சொன்னார். நான்காம் அறையை மட்டும் சொல்லவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும்,

"நாலாவதுல நிக்குதா?" என்றார்.

அக்கா அவர் முகத்தையே பார்த்தார்.

"எனக்கு மூட்டு வலியெல்லாம் கிடையாது" என்றார் கணவர். "பின்னாடி ஒரு நடை கேக்கும். ரெண்டாவது ரூம் தாண்டும்போதே கேக்க ஆரம்பிக்கும். சரி, போறவங்க முன்னாடி போகட்டும்னு நாலாவதுல ஒதுங்கி நிப்பேன். அதுவும் நிக்கும். நான் நடந்தா அதுவும் நடக்கும்."

"இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லவே இல்லயே."

"சொன்னா, எத்தனை டிகிரின்னு கேப்ப."

"விளையாடாதீங்க."

"விளையாடல. மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. அவ்வளவு பெரிய இடத்துல தனியா நடக்குறதுக்கு, கூட ஒருத்தர் வர்றது ஒண்ணும் மோசமில்ல. ஒன்பதாவதுல நான் ஷட்டர் வழியா வெளிய வந்துடுவேன். அது வராது. உள்ளயே நின்னுடும்."

"சாத்துறதுக்கு முன்னாடி கூப்பிடுவீங்கல்ல? யாராவது இருந்தா வெளிய வாங்கன்னு."

கணவர் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் சாத்தும்போது கூப்பிடுவேன். இடைவேளையில மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்ல" என்றார். "கூப்பிட்டு, வந்துட்டா?"

வெள்ளிக்கிழமை காலை அக்கா ஒரு காரியம் செய்தார். கணவர் வேலையில் இருந்த காலத்துப் பழைய ஃபைல்கள் கணினியின் மூலையில் கிடந்தன. ஒரு மாதத்துக்கானதை மொத்தமாக எடுத்து அதே ஃபோல்டருக்குள் தள்ளினார். பட்டனை அமுக்கினார். தாள் அதிக நேரம் யோசித்தது.

ஒவ்வொரு நாளும் இடைவேளையில் அதே படிக்கட்டு. ஆனால் சூடு அரை டிகிரி இல்லை, அதைப்போல இரண்டு மடங்கு. இரண்டு பேர் நடந்த சூடு. கணவர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த நாளில் மட்டும் அரை டிகிரி. மற்றது தனியாக நடந்திருக்கிறது.

லிமிட் சார் எஃகுக் கதவின் முன்னால் கையெழுத்துத் தாளோடு காத்திருந்தார். ஒன்பதாம் அறை காலி. பெட்டிகளை எடுத்துவிட்டார்கள், தரையில் பனியும் ஒரு கவிழ்த்த கூடையும்தான்.

"போட்டுடுங்கக்கா, சாப்பிடப் போகலாம்."

"இடைவேளை முடியட்டும் சார். போடுறேன்."

"உள்ளதான் யாரும் இல்லயே. பாத்துட்டீங்கல்ல?"

"இப்ப இல்ல."

அவர் அக்காவை ஒரு மாதிரிப் பார்த்தார். பசி முக்கியம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். தாளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, வாசலில் வந்து நிற்கும்படி வாட்ச்மேனிடம் சொன்னார் அக்கா. அவன் எட்டாம் அறைவரை வந்து, மூச்சு ஆவியாகப் போவதைப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணாவது ரூம் வாசல்லயே நிக்கிறேன்க்கா, சத்தம் போட்டா கேக்கும்" என்று திரும்பிவிட்டான்.

அக்கா கூடையின் மேல் உட்கார்ந்தார். கையில் ரீடர். அதன் சின்னத் திரையில் அந்த நேரத்து வெப்பநிலை மின்னிக்கொண்டிருந்தது. மின்விசிறிகளை நிறுத்தியிருந்ததால் அறையில் சத்தமே இல்லை. தன் கம்பளிச் சட்டையின் உராய்வுகூடக் கேட்டது.

முதலில் வெகு தூரத்தில் பிளாஸ்டிக் பட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை. யாரோ தோளால் தள்ளிக்கொண்டு நுழைவது போல. பிறகு சற்றுப் பக்கத்தில். பிறகு இன்னும் பக்கத்தில். பிறகு ஓசை நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான்காவது, என்று நினைத்தார். திரும்பவும் தொடங்கியது. ஒவ்வொரு திரையாக அசைந்து, எட்டாம் அறையின் பட்டைகள் மோதி ஓய்ந்தன. ஒன்பதுக்குத் திரை இல்லை, திறந்த எஃகுக் கதவுதான். அதனால் எதுவும் கேட்கவில்லை.

ரீடரின் எண் மட்டும் நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அரை டிகிரி கூடி, நின்றது.

அவருடைய இடது பக்கம் சூடாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் பார்க்காமலே தெரியுமே, அந்த அளவு சூடு. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே, விதிப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"யாராவது உள்ள இருந்தா வெளிய வாங்க."

சொன்ன பிறகு அது போதாது என்று தோன்றியது.

"இன்னைக்கு இந்த ரூமை மூடுறாங்க. இனிமே இங்க இருக்குற குளிர் வேற மாதிரி இருக்கும், தாங்காது. உள்ள இருந்து திறக்கவும் முடியாது. கையெழுத்து நான்தான் போடணும். நீங்க உள்ள இருக்கும்போது என்னால போட முடியாது. எட்டாவதுக்கு வந்துடுங்க."

எழுந்தார். மெதுவாகக் கதவுவரை நடந்தார். அங்கே அவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. ஓரமாக ஒதுங்கி, வழிவிட்டு நின்றார். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. வலது கன்னத்தை ஏதோ வெதுவெதுப்பு கடந்துபோனது. ரீடரின் எண் பழைய இடத்துக்கு இறங்கியது. சுவரில் தொங்கிய கருவியிலிருந்து அதுவரையான பதிவை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தாளைக் கதவின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். பேனாவின் மை உறைந்திருந்ததால் இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது.

வெளியே வந்தபோது வாட்ச்மேன், "யாராவது இருந்தாங்களாக்கா?" என்றான்.

"இப்ப இல்ல."

சனிக்கிழமை காலை நிரம்பிய தாளில், முதல் தடவையாகப் படிக்கட்டு ஒரு படி இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஒன்பதிலிருந்து எட்டுக்கு. அதற்குப் பக்கத்திலேயே அக்காவின் தடம், அது ஒன்றுவரை தொடர்ந்து வந்தது. மற்றது எட்டில் நின்றுவிட்டது. அடுத்த வாரம் முழுக்க எட்டுவரை இறங்கி, அங்கேயே இருந்தது. மீன் வந்து கதவு திறந்தபோது எடுத்த பதிவில், ஒன்பதாம் அறையின் வரிசை அடர்ந்த நீலமாக, ஒரு சலனமும் இல்லாமல் கிடந்தது.

மகள் தாளைப் பார்த்துவிட்டு, "கடைசிப் படி காணோமேம்மா, ஃபைல் விட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

"விட்டுப்போகல. சொன்னேன், கேட்டுக்கிச்சு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வாராவாரம் தாளைத் திறந்து பார்க்கிறாள் என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியும்.

கணவருக்கும் தினமும் சேதி வேண்டும். சாயங்காலம் அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள், "வந்துச்சா?" என்பார். "வந்துச்சு" என்றால் தலையாட்டிக்கொள்வார். ஒருநாள், "நான் ஒரு நடை வந்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

மீன் வியாபாரம் நன்றாக நடந்தது. சில மாதங்களில் லிமிட் சார் மறுபடி ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். "எட்டாவதையும் மீனுக்கு விடுறோம்க்கா. திங்கக்கிழமை மூடணும். போன தடவை மாதிரியே, இடைவேளை முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டாப் போதும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

திங்கட்கிழமை காலை அவர் வந்து பார்த்தபோது, அக்கா ஒரு ஸ்டூலின் மேல் ஏறி, தன் சின்ன அறையின் சுவரில், மேசைக்கு நேர் மேலே ஒரு தீப்பெட்டிக் கருவியை மாட்டிக்கொண்டிருந்தார். தாளில் ஒன்றாம் அறைக்கு இடப்பக்கம் ஒரு புது வரிசையும் சேர்ந்திருந்தது.

"இங்க எதுக்குக்கா இது? இங்க கெட்டுப்போக என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்." ஆணி நேராக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு ஏழாவதுக்கு வரச் சொல்லணும். நீங்க இந்த வேகத்துல மூடிக்கிட்டே வந்தா, கடைசியில இங்கதானே வந்தாகணும். வந்துட்டாங்களான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

லிமிட் சார் லிமிட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அக்கா இறங்கி, கம்பளிச் சட்டையைப் போட்டு மேல் பொத்தான்வரை மாட்டினார். இடைவேளை மணி அடித்ததும், எல்லாரும் கேன்டீன் பக்கம் நடக்க, அவர் ரீடரை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் பட்டைகளைத் தோளால் தள்ளி உள்ளே போனார்.